அந்தப் பித்தளைத் தட்டை யார் கண்டுபிடித்தது?

தை பிறந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு சுந்தரேசன் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. காப்பியும் வேண்டாம் என்றார். அது அவர் வழக்கமே இல்லை.

"ஓய், இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் கொடும்."

"எதைப் பற்றி?"

"எதைப் பத்தியானா என்ன... சும்மா எழுதும்."

சும்மா யாராவது நாலு வரி இங்கிலீஷ் கேட்பார்களா? பேனாவை எடுத்தேன். அவர் பேனாவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பாங்கியில் ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சுந்தரேசனைப் பற்றி அவருடைய ஆபீஸுக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷில். அதுவும் நல்ல இங்கிலீஷில். எங்கள் தெருவில் காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார் யார்? அடியேன்தான்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் நிஜம்; ஆட்களின் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஆகவே வாசகர்கள் லஸ் பக்கம் வந்து விசாரிக்க வேண்டாம்.

சுந்தரேசன் சர்க்கார் இலாகா ஒன்றில் ஹெட் கிளார்க். மின்சார சாமான்கள் வாங்கும் பிரிவு. அவர் மனைவி அலமேலு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

யுத்தம் முடிந்தபின் கடைகளில் விளக்குச் சாமான்கள் மறுபடி தலைகாட்ட ஆரம்பித்தன அல்லவா? ஒன்று சீமைச் சரக்கு. ஒன்று அமெரிக்கப் பட்டாளம் விட்டுவிட்டுப் போனது. இன்னொன்று நம் ஊரிலேயே செய்தது. ஒன்றின் திருகாணித் துவாரம் மற்றொன்றோடு ஒத்துப் போகாது. கூரையில் இருப்பதோ ஒரே ஒரு வட்ட மரக்கட்டை. விளக்கை மாற்றும்போதெல்லாம் எலக்ட்ரீஷியன் அதில் புதிதாகத் துளை போடுவான். துளைமேல் துளை விழுந்து கடைசியில் கட்டை பிளந்துவிடும்.

அலமேலு வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் ஒரு கண்ணாடி விளக்கு விழுந்தது. விழுந்த இடம், அவள் குழந்தை சற்று முன்பு வரை தூங்கிக்கொண்டிருந்த பாய்.

வேறொருத்தியாக இருந்தால் எலக்ட்ரீஷியனைத் திட்டிவிட்டு, குழந்தைக்குச் சுற்றிப் போட்டிருப்பாள். அலமேலு அதையும் செய்தாள். பிறகு ஒரு அட்டையை வட்டமாக வெட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சில மாதம் கழித்து அந்த அட்டை பித்தளைத் தட்டாக மாறியது. உள்ளங்கை அகலம். அதை ஒரு தடவை மரக்கட்டையில் பொருத்திவிட்டால் போதும். அப்புறம் கட்டையைத் தொடவே வேண்டாம். தட்டில் வளைந்து வளைந்து போகும் பிளவுகள். எந்த நாட்டு விளக்கானாலும் அதன் திருகாணிகள் அந்தப் பிளவுகளில் எங்காவது ஓரிடத்தில் நுழைந்துவிடும். கொஞ்சம் திருப்பினால் கவ்விக்கொள்ளும். ராயப்பேட்டையில் பித்தளை வேலை செய்யும் கரீம் பாயிடம் சொல்லி வார்த்து வாங்கியிருந்தாள்.

என் வீட்டிலும் ஒன்று மாட்டினாள். மின்விசிறிக் காற்றுக்குக்கூட விளக்கு அசையவில்லை. "இதற்கு பேடன்ட் வாங்கிவிடு அம்மா" என்று சொன்னவன் நான்தான். விண்ணப்பத்தை இங்கிலீஷில் எழுதியவனும் நான்தான். அவள் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழில் சொல்வாள், நான் எழுதுவேன். விண்ணப்பம் கல்கத்தாவுக்குப் போயிற்று. பேடன்ட் ஆபீஸ் அங்கேதானே இருக்கிறது.

பேடன்ட் ஆபீஸில் பரிசோதகர் என்று ஒருவர் இருக்கிறார். சந்தேகப்படுவதற்காகவே சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அவர் கேட்டு எழுதினார்: பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருப்பி மாட்டுகிறோமே, அதே வித்தைதானே இது? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நியாயமான கேள்விதான். அலமேலுவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

"நாளைக்குச் சொல்றேன் மாமா."

மறுநாள் வந்து சொன்னாள். "ஹோல்டரும் பல்பும் ஒண்ணுக்கொண்ணு அளவெடுத்துப் பண்ணினது. என் தட்டு, அளவே தெரியாத விளக்கையும் பிடிச்சுக்கும். அதுதான் புதுசு. அப்படியே எழுதுங்கோ."

அப்படியே எழுதினேன். ஆனால் மனசுக்குள் ஒரு பூச்சி நெளிந்தது. ஏன் நாளைக்கு? இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் நடந்தது என்ன? சுந்தரேசன் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான். சர்க்கார் உத்தியோகஸ்தர் சொந்தமாக வியாபாரம் செய்யக் கூடாது. பெண்டாட்டி பேரில் செய்தால்? மின்சார சாமான் வாங்கும் பிரிவில் இருப்பவர் வீட்டிலிருந்தே ஒரு மின்சார சாமான் புறப்படுகிறது... நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நினைத்தேன்.

நான் மட்டுமா நினைத்தேன்? சாந்தோம் கடற்கரையில் சாயங்காலம் கூடுகிற எங்கள் கோஷ்டி முழுவதுமே அப்படித்தான் நினைத்தது. "என்ன சுந்தரேசன், பெரிய ஆளாயிட்டேளே" என்பார்கள். ஆரம்பத்தில் அவர், "அதெல்லாம் ஆத்துல பண்ணினா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "நாங்க ரெண்டு பேருமா யோசிச்சோம்" என்றார். மார்கழிக் கச்சேரிகள் ஆரம்பித்த சமயம், "ஒரு நாள் எனக்குப் பளிச்சுன்னு தோணித்து ஓய்" என்று ஆகிவிட்டது.

சபா வாசலில் ஒரு பெரியவர் அலமேலுவிடமே சொன்னார். "உங்காத்துக்காரர் மூளைக்கு இந்த ஊர்ல இருக்க வேண்டியவரே இல்லை." அவள் தலையை ஆட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்தது. மொட்டைக் கடிதமும் பிறந்தது. மனைவி பேரில் விண்ணப்பம் போட்டுவிட்டு சுந்தரேசன்தான் வியாபாரம் செய்யப் போகிறார், அவரே கடற்கரையில் அப்படிச் சொல்லித் திரிகிறார் என்று எழுதியிருந்ததாம். விசாரணை வைத்துவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

சுந்தரேசன் பாதி ஆளாகிவிட்டார். தெருவில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். முதலில் நான். பிறகு எதிர் வீட்டு வக்கீல். அப்புறம் பாண்டி பஜாரில் மின்சார சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர். கரீம் பாயையும் விடவில்லை. பட்டறைக்கே போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். பாய் என்னிடம் வந்து முறையிட்டார்.

"இன்னா சார் இது? பட்டறையாண்ட வந்து அய்யரு கத்திக்கினு கீறாரு. நான் லெட்டர் போட்டுட்டேனாம். நான் கையெய்த்தே உருதுலதான் போடுவேன். இங்கிலீசுக்கு நான் எங்க போவேன்?"

"அவர் பயந்து போயிருக்கிறார், பாய்."

"பயம் கீதுன்னா வூட்ல பயப்படட்டும் சார். வேலைக்காரங்க எதிர்ல கேட்டா, நம்ம மரியாதை இன்னா ஆவறது?"

எனக்கு அது சுருக்கென்றது. என் மரியாதையும் அதே கதிதானே.

அலமேலுவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. "விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடு" என்று சுந்தரேசன் கெஞ்சியது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது. "வாபஸ் வாங்கினா நீங்க தப்புப் பண்ணினதா ஆயிடும்" என்று அவள் சொன்னதும் கேட்டது.

விசாரணைக்கு மேலதிகாரி ராவ், சுந்தரேசன் வீட்டுக்கே வந்தார். விண்ணப்பம் எழுதியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார். கையில் பழைய செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் விளக்கு. அவர் வீட்டுச் சொந்த விளக்காம். எந்தக் கட்டையிலும் பொருந்தாமல் பரணில் கிடந்ததாம். அவரும் சந்தேகக்காரர்தான்—நாம் காட்டுகிற விளக்கை நம்பாமல் தம்முடையதையே கொண்டு வந்துவிட்டார்.

"மிஸ்டர் சுந்தரேசன், நீங்களே ஏறி இதை மாட்டிக் காட்டுங்க."

அலமேலு போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒரு தட்டை எடுத்து வந்து கொடுத்தாள். சுந்தரேசன் ஸ்டூலில் ஏறினார். தட்டை இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். கடைசியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டையில் முடுக்கினார். திருகாணிகளை ஏதோ ஒரு பிளவில் நுழைத்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருப்பினார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"ஆச்சா? கையை எடுங்க."

எடுத்தார். விளக்கு கழன்று வந்துவிட்டது. நல்ல வேளை, கீழே நான் நின்றேன். மார்போடு அணைத்துப் பிடித்துவிட்டேன். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லோரும் கேட்டார்கள். என் விலா எலும்பை யாரும் விசாரிக்கவில்லை.

"இந்த யோசனை உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார் ராவ்.

"எனக்குத் தோணலை சார்."

"கடற்கரையில சொன்னீங்களாமே?"

சுந்தரேசன் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "பேச்சுக்குச் சொன்னேன் சார்."

"அப்ப யாருக்குத் தோணிச்சு?"

"இவளுக்கு."

"சத்தமாச் சொல்லுங்க. ரெகார்டுல எழுதணும்."

"என் பெண்டாட்டிக்கு. அலமேலுவுக்கு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் சரியாகப் பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

ராவ் என் பக்கம் திரும்பினார். அந்தம்மாளுக்குப் புரியக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கணவர் ஏதாவது சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அலமேலு இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். தனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; அந்தத் தட்டில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பதுகூடத் தன் கணவருக்குத் தெரியாது என்பதை ஐயாவே இப்போது கண்ணால் பார்த்துவிட்டார். தங்குதடை இல்லை. இலக்கணப் பிசகு இல்லை. என் பி.ஏ. வகுப்பில் அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

பிறகு அவளே ஸ்டூலில் ஏறி, தட்டைக் கழற்றித் திருப்பி மாட்டி, ராவ் வீட்டு விளக்கைப் பொருத்திவிட்டு இறங்கினாள். ராவ் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் காப்பி குடித்தார்.

சுந்தரேசனின் வேலை பிழைத்தது. கண்டுபிடிப்பு மனைவியுடையது, தமக்கு எந்தப் பங்கும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறு மாதமே கல்கத்தாவிலிருந்தும் அவள் பேருக்குச் சம்மதம் வந்துவிட்டது. கடற்கரையில் இப்போது யாராவது பேச்செடுத்தால், "ஐயையோ, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று அவரே முந்திக்கொள்கிறார்.

எனக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த இங்கிலீஷ்... அதை எங்கே வைத்திருந்தாள் இத்தனை நாளும்?

போன வாரம் என் மனைவியைப் பார்க்க வந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் அம்மா, உனக்கு இவ்வளவு இங்கிலீஷ் தெரியும்போது என்னை எதற்கு எழுதச் சொன்னாய்?"

"இன்டர்மீடியட் பாஸ் பண்ணியிருக்கேன் மாமா. அவருக்கே மறந்து போயிடுத்து. வாத்தியார் எழுதினா கல்கத்தாவுல மதிப்பான்னு நினைச்சேன்."

"அந்த மொட்டைக் கடிதத்திலும் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருந்ததாமே?"

"அப்படியா சொன்னா? ஒரு இடத்துல ஸ்பெல்லிங் தப்பாயிடுத்தோன்னு எனக்கு ஒரே கவலை."

என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவர் வேலை போயிருந்தால்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"போகாதுன்னு தெரியும். ஆத்துல ஒரு பல்பு மாத்தினது கிடையாது அவர். ஏறி மாட்டச் சொன்னா உண்மை தானே தெரிஞ்சுடும். இருந்தாலும் விசாரணை முடியற வரைக்கும் எனக்குச் சாதம் இறங்கலை மாமா. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டார். கரீம் பாயை வேற. பாய்கிட்ட அவரையே அழைச்சுண்டு போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்."

"அவரிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே, இது என்னுடையது என்று."

"சொன்னேனே. சிரிச்சார். யார் பேரா இருந்தா என்னடி, எல்லாம் நம்மாத்துக்குத்தானேன்னார். ஆபீசர் கேட்டா சிரிக்க முடியாதோல்லியோ."

எனக்கு அவள் மேல் கோபப்படத் தெரியவில்லை. மெச்சவும் பயமாக இருந்தது. மெல்ல வேறு ஒரு கவலை தலைதூக்கியது—எழுதுகிறவன் கவலை.

"இதை நான் பத்திரிகையில் எழுதினால்? பெயரை மாற்றினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவாரே."

"தாராளமா எழுதுங்கோ. அவர் இன்னும் எதிராத்து வக்கீலைத்தான் சந்தேகப்பட்டுண்டிருக்கார். நானா இருக்கும்னு அவருக்குத் தோணவே தோணாது மாமா. படிச்சாலும் நம்பமாட்டார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஒருவரைச் சந்தேகப்படுவதும் ஒருவிதத்தில் அவருக்குச் செய்கிற மரியாதைதான்—சில பேருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை.