வெட்ட வேண்டிய ஜீன்ஸ் எது?

'செவ்வாய், காலை 10.20. ஜமீலாம்மா கடை. கருநீல ஜீன்ஸைப் பிரிக்க. வெளிர் நீலத்தை வெட்டி ஒட்டுப் போட.'

என் டைரியில், என் கையெழுத்தில் உள்ள குறிப்பு. சனிக்கிழமை மாலைதான் மறுபடி படித்தேன். காலையிலேயே படித்திருக்க வேண்டும்.

என் மகளிடம் இரண்டு பழைய ஜீன்ஸ். வெளிர் நீலம் அவளுக்கு உயிர். ஆனால் காலோடு ஒட்டிய ஜீன்ஸை இப்போது யார் போடுகிறார்கள்? பக்கத் தையலைப் பிரித்து, முழங்காலுக்குக் கீழே முக்கோணத் துண்டு வைத்தால் பெல் பாட்டம் ஆகிவிடும். துண்டுக்குக் கருநீலத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னாள். ஏதோ போன் பேசிக்கொண்டே எழுதிக்கொண்டேன்.

உக்கடம் பக்கம் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கும் ஜமீலாம்மாவிடம் டைரியைப் பார்த்தே விவரம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை வாங்கப் போனால்... கருநீலம் அழகாக விரிந்து தொங்குகிறது. வெளிர் நீலத்துக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

ஓர் அம்மா, கல்யாண பிளவுஸுக்குப் பச்சைப் பட்டுத் துணியோடு நின்றிருந்தார். அவர் முன்னாலேயே ஜமீலாம்மாவைக் கேட்டேன். "வெட்டறதுக்கு முன்னால நல்லாப் பாக்க வேண்டாமுங்களா? நான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெக்கறவனுங்க."

சொன்னபடி வெட்டியதாகத்தான் ஞாபகம் என்றார் ஜமீலாம்மா. பிறகு அவரே இறங்கி வந்தார். "எழுதி வெச்சிருக்கீங்கன்னா நீங்க சொல்றதுதானுங்ண்ணா சரியா இருக்கும். நான்தான் மாத்தி வெட்டிப்போட்டனாட்ட இருக்குதுங்க."

பச்சைப் பட்டு மெல்ல மடிந்து பைக்குள் போனது. "இன்னொரு நாளைக்கு வாரேனுங்க" என்று அந்த அம்மா படியிறங்கிவிட்டார்.

மாலையில் மகளிடம் காட்ட டைரியைத் திறந்தேன் — சாட்சிக்கு! அவள் படித்தாள். 'கருநீல ஜீன்ஸைப் பிரிக்க' என்ற வரியில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள்.

ஜீன்ஸ் போகட்டும். ஒரு பெண் தன் ஞாபகத்தை விட்டுவிட்டு என் டைரியை நம்பினார். நானோ குறை சொல்லும் முன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எழுதி வைப்பவர்களுக்கு இப்படி ஒரு திமிர் உண்டு — எழுதியாயிற்று என்ற தைரியத்திலேயே பேசிவிடுவோம்.

ஞாயிறு கடை லீவு. திங்கள் காலை டைரியோடு போய் நின்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, அந்தப் பக்கத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"பரவால்லீங்ண்ணா. கண்ணு போயிருச்சோன்னு ரெண்டு நாளா கத்திரியத் தொடவே பயந்துட்டிருந்தனுங்க."

அந்தப் பட்டுத் துணி அம்மா யார் என்று கேட்டேன். செல்வபுரத்துக்காரர், அதற்கு மேல் தெரியாது என்றார். மன்னிப்பை அவர் முன்னால் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஜமீலாம்மா தானாகவே சொன்னார். "அந்தம்மா வந்து துணி குடுத்துட்டாங்கண்ணா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அலமாரியில் கண்ணை ஓட்டினேன். பச்சைப் பட்டு எதுவும் தென்படவில்லை.

அன்றைய டைரிக் குறிப்பு: 'அந்த அம்மா திரும்பி வந்ததாக ஜமீலாம்மா சொன்னார். சரிபார்க்கவில்லை.'