மூன்று விரல்கள்

அண்ணனுக்குப் பெண் பார்த்த அந்த மாரிகாலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பேஸ்மென்றில் அண்ணனும் நானும், எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்த மாமாவும் இருந்தோம். நான் பகலில் பக்ரரியில் பெட்டி அடுக்கினேன். கிழமையில் இரண்டு பின்னேரம் கொலிச்சில் தர்க்கம் படித்தேன். ஊரில் ஏ.எல் பரீட்சைக்கு இதையே அளவையியல் என்று எடுத்தவள் என்ற துணிச்சல்தான்.

"கண்டறியாத படிப்பு. உதைப் படிச்சு ஆரோட வாதாடப் போறாய், பிள்ளை?" என்பார் மாமா.

எங்களுக்குப் படிப்பித்த மனுசி பஸ்ஸை வைத்தே எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். இருபது நாளும் காலை பஸ் நேரத்துக்கு வந்தது, ஆகவே நாளைக்கும் வரும். இது தொகுத்தறிதல். கண்டதைக் கூட்டி, காணாததைச் சொல்வது. எவ்வளவு கூட்டினாலும் முடிவு 'அநேகமாக' என்பதைத் தாண்டாது. மற்றது உய்த்தறிதல். எல்லாப் பஸ்ஸும் இந்தத் தரிப்பில் நிற்கும், வருவது பஸ், ஆகவே நிற்கும். முதலில் வைக்கிற எடுகூற்று இரண்டும் உண்மையென்றால் முடிவு தப்பாது. அதில் ஒன்று பொய்யென்றால் முடிவை நம்ப அந்த வாதம் ஒரு காரணமும் தராது. நான் எல்லாவற்றையும் கொப்பியில் அழகாக எழுதிக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பனி சினோவாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் வரவில்லை. வோபர்ன் பக்கம் ஒரு டோனற் கடையில் வேலை செய்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி எதிர்த் தரிப்பில் நின்றாள். கோயிலில் கண்டு சிரிக்கிற அளவுக்குத்தான் எனக்கு அவளைப் பழக்கம். ஒரு வெள்ளைக்காரர் காரை நிறுத்தினார், அவள் ஏறிப் போனாள். அவ்வளவுதான் நான் கண்டது.

அன்று மத்தியானம் பக்ரரியில் சாப்பிடும்போது சிநேகிதியிடம் சொன்னேன். "உந்த டோனற் கடைப் பிள்ளை இண்டைக்கு ஒரு வெள்ளையன்ர காரில ஏறிப் போறாள், தெரியுமே?" சொல்லும்போது ஒரு சிரிப்புச் சிரித்தேன். சீ! அந்தச் சிரிப்பை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளையின் சாதகம் அண்ணனுக்கு வந்தது. பொருத்தம் எண்பது வீதம் என்றார் சாத்திரியார். அவளுடைய தமையனுக்கும் சம்மதம், அவளுக்கும் விருப்பமாம். இனி விசாரிப்பதுதான் மிச்சம். எங்கள் ஆட்களின் விசாரணை உங்களுக்குத் தெரியும். பெண்ணைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாரிடமும் கேட்பார்கள். மாமா ஒரு சனிக்கிழமை முழுக்கத் தொலைபேசியோடு இருந்தார். பிறகு எங்களை இருத்திவைத்து விரலை மடக்கினார்.

"கடைக்கார அண்ணை சொல்லிப்போட்டார். அவளின்ர பில்டிங்கில இருக்கிற அன்ரியும் சொல்லுறா. என்ர கூட்டாளியும் அதைத்தான் சொல்லுறான். மூண்டு பேர்! ஆளுக்காள் சம்பந்தமில்லாத மூண்டு பேர், ஒரே கதை. நல்ல குடும்பத்துப் பிள்ளை கண்டவன்ர காரில ஏறாது. உவள் ஏறினவள். பிறகென்ன?"

கொலிச்சில் படித்த தொகுத்தறிதலும் உய்த்தறிதலும் எங்கள் குசினி மேசையில், நாறிப்போய்க் கிடந்தன. அண்ணனைப் பார்த்தேன். அவன் மிக்சரில் கடலையைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "மாமா சொன்னால் சரி" என்றான். முப்பத்திரண்டு வயது எருமை!

அடுத்த நாள் மூன்று பேருக்கும் நான் தொலைபேசி எடுத்தேன். கடைக்காரருக்கு மனைவி சொன்னாவாம், மனைவிக்கு என் சிநேகிதி. பில்டிங் அன்ரிக்கும் என் சிநேகிதிதான், கோயில் வாசலில் வைத்து. மாமாவின் கூட்டாளிக்குக் கடைக்காரர். ஒருவரும் காரைக் காணவில்லை. சிநேகிதிக்குச் சொன்னது ஆர் என்று கேட்க எனக்கு ஆள் தேவைப்படவில்லை.

பின்னேரம் மாமா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் போய் நின்றேன்.

"மாமா, அந்த மூண்டு பேரும் சொன்னது என்ர வாயால போன கதை. பஸ் வரேல்லை, குளிர். அவ்வளவுதான். அதே கிழமை நானும் என்ர சுப்பர்வைசரின்ர காரில நாலு நாள் போனனான். அப்ப நான் ஆர்?"

நான் என் எடுகூற்றை நன்றாகத்தான் வைத்தேன். ஒரு ஆள் போதும், 'ஏறாது' என்ற அவருடைய கதை உடைய. அந்த ஆள் நானே என்று முன்னால் நிற்கிறேன். மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ வேற கதை. நீ எங்கட பிள்ளை" என்றார். பிறகு, "அவள் காரில ஏறினதை நீ உன்ர கண்ணால கண்டனீ?"

"ஓம். ஆனா..."

"ஆனா கீனா வேண்டாம். அப்ப நாலு பேர்" என்று நாலாவது விரலையும் மடக்கினார்.

சாதகத்தைத் திருப்பி அனுப்பும் கடித உறையில் விலாசம் எழுதக் கூப்பிட்டதும் என்னைத்தான், வீட்டில் எனக்குத்தான் இங்கிலீசு எழுத்து வடிவாம். எழுதினேன். முத்திரையை நாக்கில் நனைத்து ஒட்டியதும் நான்தான்.