மாதவரத்துக்காரன் கொடுத்த மிளகாய் நாற்று

ஜெயவேலுக்கு மிளகாய் நாற்று மீது ஒரு கோபமும் கிடையாது. அதைக் கொடுத்தவன் மீதுதான் கோபம்.

கொடுத்தவன் டில்லிபாபு, மாதவரத்தில் ஒரு நர்சரியில் வேலை பார்ப்பவன். ஜெயவேலின் மனைவி வரலட்சுமி பிறந்து வளர்ந்த திருவொற்றியூர்த் தெருவில்தான் அவனும் வளர்ந்தான். ஒரு காலத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கல்யாணப் பேச்சு எடுத்து, ஏதோ சாக்கு சொல்லி விட்டுவிட்டார்கள். இதை வரலட்சுமியே கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொன்னவள் அன்றைக்கே மறந்துபோனாள். கேட்டவன் மறக்கவில்லை.

டில்லிபாபு அவனை மாமு என்று கூப்பிடுவான். அதுவும் ஜெயவேலுக்கு உறுத்தும். என்னை மாமன் என்றால் அவளை அக்கா என்றோ தங்கச்சி என்றோ கூப்பிட வேண்டாமா? கூப்பிடமாட்டான். இதை எந்தப் பஞ்சாயத்தில் போய்ச் சொல்ல முடியும்?

வீடு எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து விழும். காயப்போட்ட வேட்டியை உதறித்தான் கட்ட வேண்டும். இளம் நாற்றை வெளியே வைத்தால் இலையெல்லாம் சாம்பல் மூடிவிடும், கொஞ்சம் தேறும்வரை உள்ளேயே வைத்துக்கொள் என்று டில்லிபாபு சொல்லி அனுப்பியிருந்தான். அதனால் வரலட்சுமி சமையல்கட்டு அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, மேலே ஒரு எல்இடி லைட்டை மாட்டி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளை வரிசையாக அடுக்கினாள். மொட்டை மாடியில் மிளகாயும் தக்காளியும் போட்டு, கீரைக்காரியிடம் பேரம் பேசாமல் வாழ வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அவள் அங்கன்வாடியில் ஆயா. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். ஜெயவேலுக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. விடியும் முன்னால் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான். ஆக, பகல் முழுக்க அந்தக் கப்புகளோடு வீட்டில் தனியாக இருப்பவன் அவன்தான். சாப்பிடும்போது அவை எதிரில் நிற்கும். இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளைகள் வந்து சட்டமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும் அவனுக்கு.

அவள் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூட ஓரமாக விடாமல் நேரே அலமாரிக்குத்தான் போவாள். ஒவ்வொரு நாற்றாகத் தொட்டுப் பார்ப்பாள். பேச்சு முழுக்க டில்லி சொன்னான், டில்லி சொன்னான் என்றே போகும். புருஷன் சாப்பிட்டானா என்பது அதற்கப்புறம்.

ஒரு நாள் அடி இலைகள் இரண்டு மூன்று மஞ்சளாகிவிட்டன. வரலட்சுமி முகம் சுண்டிப் போனது.

"டில்லிய ஒரு நட வந்து பாக்கச் சொல்றேன்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். டில்லிபாபு இந்த வாசற்படி ஏறுவதா? இந்தச் சமையல்கட்டில் நின்று இவளோடு தலையைச் சேர்த்து வைத்து இலையைப் பார்ப்பதா? ஜெயவேல் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"தண்ணி ஊத்தறதுக்கு மாதவரத்துலேர்ந்து ஆளு வரணுமா? நான் பாத்துக்கறேன்."

"நீயா? உன்க்குப் பாளம் பாளமா ஐஸ ஒடைக்கத்தான் தெரியும்."

"பாரு நீ."

அன்றிலிருந்து ஜெயவேல் நாற்றுக்குக் காவல்காரன் ஆனான். பாசம் ஒன்றும் கிடையாது. இதுகள் பிழைத்தால் அவன் வரமாட்டான், செத்தால் வருவான். அவனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

இலை தொங்கினால் தாகம் என்று நினைத்தான். ஐஸ் அறையில் வேலை செய்கிறவனுக்குத் தண்ணீருக்கா பஞ்சம்? வந்ததும் ஒரு சொம்பு, படுக்கும் முன் ஒரு சொம்பு. கப்பின் அடியில் டில்லிபாபு போட்டுக் கொடுத்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகி அலமாரி நனைந்தது. வரலட்சுமி திட்டுவாளே என்று, ஓரம் உயர்ந்த மீன் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கப்புகளை அதில் இறக்கினான். ஒழுகிய தண்ணீர் தட்டிலேயே தேங்கி, கப்புகள் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றன. மண் மேல் பச்சையாகப் பாசி பிடித்தது. பொடிப்பொடியாகக் கறுப்புக் கொசுக்கள் எழும்பிச் சோற்றுத் தட்டில் விழுந்தன. இவ்வளவு ஊற்றியும் இலை இன்னும் அதிகமாகத்தான் தொங்கியது. சத்து போதவில்லை, அந்தப் படுபாவி வெறும் சக்கை மண்ணைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான் என்று முடிவு கட்டினான்.

காசிமேட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த உரம் ஒன்று உண்டு, மீன் கழுவின தண்ணீர். முருங்கைக்கு ஊற்றுவார்கள், வாழைக்கு ஊற்றுவார்கள், தளதளவென்று வரும். நர்சரிக்காரனுக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று ஜெயவேல் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். துறைமுகத்தில் படகிலிருந்து இறக்கிய மீன் பெட்டிகளில் ஐஸ் கரைந்து நிற்கும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தான். நெத்திலியும் சங்கராவும் ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர். இதைவிடச் சத்து எதில் இருக்கும் என்று ஒவ்வொரு கப்புக்கும் தாராளமாக ஊற்றினான்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு ரூபினா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னாண்ணே, வூட்ல எலி கிலி செத்துக் கெடக்குதா?"

செத்துக்கொண்டிருந்தது எலி அல்ல. இலைகளின் ஓரமெல்லாம் தீயில் காட்டினது போலக் கருகிச் சுருண்டது. மண்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியது. நாலைந்து நாற்று தண்டோடு மடங்கிப் படுத்துவிட்டன.

வரலட்சுமி அன்று சாயங்காலம் வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. படுத்த நாற்று ஒன்றை விரலால் நிமிர்த்திவிட்டாள், அது மறுபடி படுத்தது. அப்புறம் போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை டில்லியை வரச் சொல்லப்போகிறேன் என்றாள். அவன் எடுக்கவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஜெயவேல் ஐஸ் உடைக்கப் போகவில்லை. அவள் அங்கன்வாடிக்குக் கிளம்பிய கையோடு, மோசமான கப்பு ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் இறக்கி, மணலி வழியாகப் பஸ் மாறி மாதவரம் போனான். அவன் இங்கே வராமல் இருக்க வேண்டுமானால் நாம் அங்கே போய்விட வேண்டியதுதான். வேறு வழி எதுவும் அவன் புத்திக்கு எட்டவில்லை.

டில்லிபாபு பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு செம்மண் கலந்துகொண்டிருந்தான். மாலை போட்டு வரவேற்காத குறையாக, "வா மாமு" என்றான். உடனே, "வரா எப்டி கீறா?" என்று கேட்டான்.

வரா. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன் ஒரு நாளும் அவளை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிடலாம் என்று அவனுக்குத் தோன்றியதுகூட இல்லை. பையிலிருந்து கப்பை எடுத்து அவன் முன்னால் வைத்தான்.

டில்லிபாபு முதலில் கப்பைக் கையில் தூக்கிப் பார்த்தான், கல்லு கணக்கா கீதே என்றான். ஆள்காட்டி விரலை மண்ணில் விட்டு எடுத்து முகர்ந்தான். கப்பைக் கவிழ்த்துத் தட்டி, வேரோடு மண்ணை உள்ளங்கையில் வாங்கினான். வெள்ளையாக நூல் நூலாக இருக்க வேண்டிய வேர், பழுப்பேறி ஊறிப்போய் இருந்தது. கடைசியில் மேல்பொருக்கை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினான்.

"கரிக்குது மாமு. இன்னா ஊத்துன?"

ஜெயவேல் சொன்னான்.

"மீன் தண்ணி நல்லதுதான். அது வூட்ல நல்ல தண்ணில அலசுற தண்ணி, அதுவும் வளந்த மரத்துக்கு. நீ ஊத்துனது போட்லேர்ந்து எறங்குன பெட்டித் தண்ணி. அது கடலு மாமு. கடல்ல வந்து மொளகா மொளைக்குமா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டான் பாவி.

உப்பு மட்டும் தப்பில்லை, அதற்கு முன்னாலேயே வேர் மூச்சு முட்டிப் போய்விட்டது என்று விளக்கினான். தண்ணீர் இல்லாமலும் இலை தொங்கும், அதிகமாகி வேர் அழுகினாலும் தொங்கும். இலையைப் பார்த்து ஊற்றாதே, கப்பைத் தூக்கிப் பார். லேசாக இருந்தால் ஊற்று, கனமாக இருந்தால் விடு. தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடு. தேறக்கூடிய நாற்றை மட்டும் எடுத்துப் பழைய மண்ணை உதறிவிட்டுப் புதுக் கலவையில் வை, குழாய்த் தண்ணீரை ஒருதரம் நன்றாக ஊற்றி அடியில் ஓடவிடு, அப்புறம் அதைச் சும்மா விடு. உரம் கிரம் ஒன்றும் வேண்டாம், பச்சைக் குழந்தைக்கு யாராவது பிரியாணி ஊட்டுவார்களா என்றான். செம்மண், அலசின தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் மட்கின எரு என்று கலந்து ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தான்.

கிளம்பும்போது ஜெயவேல் பையின் வாயை முடிந்துகொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நான் வந்தத அதுகிட்ட சொல்லாத."

டில்லிபாபு தலையாட்டினான். ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று டில்லிபாபு வரலட்சுமிக்குப் போன் செய்து சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. ஜெயவேல் சொன்னபடி செய்தான். ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கை பரபரக்கும், கப்பைத் தூக்குவான், கனமாக இருக்கும், வைத்துவிடுவான். பாதி நாற்று போய்விட்டது. மீதி பாதி கருகின இலைகளை உதிர்த்துவிட்டு, நுனியில் வெளிர்ப்பச்சையாகப் புது இலை விட்டது.

வரலட்சுமி அதைப் பார்த்த அன்று எதிர்வீட்டுக்குப் போய், எங்கூட்டுக்காரரே பார்த்துத் தேற்றிவிட்டார் என்று ரூபினாவிடம் சொன்னது இவன் காதில் விழுந்தது. இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தான்.

மூன்றாம் நாள் டில்லிபாபு வாசலில் நின்றான்.

வரலட்சுமிதான் கூப்பிட்டிருக்கிறாள். சாகக் கிடந்த நாற்றைப் புருஷன் பிழைக்க வைத்ததைக் காட்டிப் பெருமையடிக்க வேண்டுமாம். எது நடக்கக் கூடாது என்று ஜெயவேல் பஸ் ஏறி அலைந்தானோ, அதுவே ஒரு கிலோ ஆரஞ்சோடு சமையல்கட்டில் வந்து நின்றது.

"பாரு டில்லி, நீ இல்லாமயே தேத்திட்டாரு," என்றாள் வரலட்சுமி.

டில்லிபாபு குனிந்து இலைகளைப் பார்த்தான். புதிதாகக் கேட்கிறவன் முகத்தோடு நிமிர்ந்தான்.

"நல்லாக் கீதே. இன்னா பண்ண மாமு? சொல்லு, நானும் கத்துக்கறேன்."

ஜெயவேல் ஆரம்பித்தான். வேர் மூச்சு முட்டினது, கப்பைத் தூக்கிப் பார்ப்பது, உப்பு எல்லாம் சொன்னான். டில்லிபாபு ஒவ்வொன்றுக்கும் அப்படியா அப்படியா என்று தலையாட்டினான். வரலட்சுமி அடுப்புத் திட்டில் சாய்ந்துகொண்டு புருஷனையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. அந்தப் பார்வைக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பான். ஆனால் அதுவும் டில்லிபாபு கொடுத்ததாக அல்லவா இருக்கிறது? நாற்றைக் கொடுத்தான், மண்ணைக் கொடுத்தான், இப்போது இவன் பெண்டாட்டியின் பார்வையையும் எடுத்து, இந்தா வைத்துக்கொள் என்று இவனுக்கே பிச்சை போடுகிறான். இப்படி விட்டுக்கொடுக்கிற மனசும் அவனிடமே இருந்துவிட்டால் தனக்கென்று என்னதான் மிச்சம்? ஜெயவேலால் தாங்க முடியவில்லை.

"யோவ், நடிக்காதய்யா," என்றான். பிறகு வரலட்சுமியிடம் திரும்பினான். "இவன்தான் சொன்னான். ஒரு கப்ப எடுத்துகினு மாதவரம் போய்க் கேட்டுகினு வந்தேன். இவன் வூட்டுக்கு வரக்கூடாதுன்னுதான் போனேன்."

டில்லிபாபு தரையைப் பார்த்தான். வரலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ல எங்க வச்சுகினு போன அந்தக் கப்ப?"

"மடில."

"நாறியிருக்குமே."

"பக்கத்துல ஒருத்தனும் குந்தல."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். தோள் குலுங்குவது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

டீ வந்தது. முதல் டம்ளரை டில்லிபாபுவிடம் நீட்டினாள். வீட்டுக்கு வந்தவனுக்குத்தானே முதலில் கொடுப்பார்கள் என்று ஜெயவேல் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டாலும், தன் டம்ளர் வந்ததும் டில்லிபாபுவின் டம்ளரையும் ஓரக்கண்ணால் பார்த்து, எதில் பாலாடை அதிகம் என்று சரிபார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான்.