முள் விட்ட ரத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கொச்சியில் மட்டாஞ்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் எனக்கு ரத்தம் பார்க்கும் வேலை. ரத்தம் தடவிப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளை அன்றெல்லாம் எறியமாட்டோம், கழுவிக் கழுவித்தான் பயன்படுத்துவோம். மங்கிப்போன சில்லுகளைத் தேய்த்துத் துடைக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா பார்த்துவிட்டாள். எங்களுடையது துணி வெளுக்கிற குடும்பம்.

"வெளுக்கிற வீட்டுப் பொண்ணு கழுவினதா இது? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. சலவைக் காரம் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டாள். சில்லுகள் பளபளத்தன.

மறுநாளே என் அண்ணன் கிளினிக்குக்கு வந்தான். வளைகுடாவில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். ஒழுகுகிற கூரையிலிருந்து என் கல்யாணம் வரை எல்லாம் அவன் தலையில்தான். அம்மா வெளுத்த சில்லில் அவன் ரத்தத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நடுவில் அமுக்கிய வடை போல இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் பலாக்காயாக முள் விட்டிருந்தன. மலையாளி டாக்டரும் குனிந்து பார்த்தார்.

"கிட்னி கேஸா இருக்கும். விசா கிட்டாது கேட்டோ."

வீடு இழவு வீடாயிற்று. அண்ணன் மட்டும் மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் கேட்டு வாங்கித் தின்றான். "என்ன தைரியம் பாரு" என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள் அம்மா.

சந்தேகம் தீராமல் டாக்டர் அடுத்த நாள் தன் விரலையே குத்திப் பார்த்தார். முள்! ஃபேனைப் போட்டு உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டார். பிறகு என் ரத்தம். அதிலும் முள்.

"மூணு பேருக்கும் ஒண்ணாவா கிட்னி போகும்? இந்தச் சில்லை எதில கழுகினே?"

சொன்னேன். சிவப்பணு சரியான தொட்டாற்சிணுங்கி என்றார். காரம் பட்டால் முள் விடும், புளிப்பு ஏறினால் குழிந்து கிண்ணமாகும்.

இதைப் போய் அம்மாவிடம் சொன்னேன். காரத்தை முறிக்கிறேன் பேர்வழி என்று மிச்சமிருந்த சில்லுகளை ஊறுகாய் வினிகரில் ஊறவைத்தாள். அடுத்து வந்தவர்களின் ரத்தமெல்லாம் கிண்ணம் கிண்ணமாகத் தெரிந்தது.

"சாயா ஊத்திக் குடிக்கலாம்" என்றார் டாக்டர். இனி ஒரு சில்லுகூட என் வீட்டுப் படியேறக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

எர்ணாகுளத்திலிருந்து புதுச் சில்லுகள் வந்தன. அண்ணனை வரவழைத்து மறுபடி பார்த்தோம். அத்தனையும் வட்டம். டாக்டர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். கூடவே வந்திருந்த அம்மா அங்கேயே எல்லா சாமியையும் கூப்பிட்டுக் கும்பிட்டாள்.

அண்ணன் என்னை வாசலுக்கு இழுத்துப்போனான்.

"நல்லாப் பாத்தியாடி? ஒரு முள்ளாவது இல்லையா?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்குப் போக இஷ்டமே இல்லடி."

அந்த வேலை வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட அவனிடம் போகிறாயா என்று கேட்டிருக்கவில்லை.