பாதி சார்ஜில் இறங்கிய மலை

சென்ற ஐப்பசியின் முதல் வெள்ளிக்கிழமை, பாலக்காட்டிலிருந்து வாடகை எலெக்ட்ரிக் காரில் வண்டிப்பெரியாருக்குப் போனேன். அங்கே எஸ்டேட்டில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவின் மகள் ஜென்சிக்கு மறுநாள் காலை கோட்டயத்தில் அரசு வேலைத் தேர்வு. அவளை நான்தான் அழைத்துப் போக வேண்டும்.

அடிவாரத்தில், முண்டக்கயத்தில், வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையம் இருந்தது. ஒரு மணி நேரம் காத்திருக்கச் சோம்பி, வீட்டு பிளக்கில் இரவு முழுக்கப் போட்டால் நிறைந்துவிடும் என்று மலையேறிவிட்டேன்.

விடிந்து பார்த்தால் பாதிகூட ஏறவில்லை.

“ராத்திரி இடி இடிச்சுச்சுல்லண்ணே. டிவி, பிரிட்ஜோட உங்க வண்டியையும் பிடுங்கிட்டேன்” என்றாள் ஸ்டெல்லா. மலையில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். இடி ஓய்ந்ததும் மறுபடி மாட்டும்படி நான்தான் சொல்லி வைக்கவில்லை.

காலை பஸ்ஸும் போயிருந்தது. “மாமா, இது காரா, செல்போனா? கேட்டை மூடிட்டா உள்ள விட மாட்டாங்க” என்றாள் ஜென்சி.

“போய்ச் சேருவோம். ஏறு.”

ஏசி போடாமல் நிதானமாக ஓட்டினேன். குட்டிக்கானம் வரை ஏற்றத்தில் சார்ஜ் கரைந்தது. அதன்பின் இறக்கம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சக்கரம் உருளும் வேகத்திலேயே பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது.

“கூடுது மாமா! பிரேக்கை மெதுவாப் புடிங்க!”

முண்டக்கயத்தில் கோட்டயம் போகும் அளவுக்கு மட்டும் சார்ஜ் செய்தோம். கோட்டயத்தில் தேர்வு மையக் காவலாளி கேட்டை மூடக் கை வைத்தபோது ஜென்சி உள்ளே ஓடினாள்.

இப்போதெல்லாம் அடிவாரத்திலேயே காத்திருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்கிறேன். வீட்டு பிளக்கில் போட்டால், இடி ஓய்ந்ததும் நானே எழுந்து மறுபடி மாட்டுகிறேன். பிடுங்காதே என்று மட்டும் ஸ்டெல்லாவிடம் சொல்வதில்லை.