நேராக இருந்த தகடு

கும்மிடிப்பூண்டியில், அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடுகளைச் சூடாக்கி வளைத்து இயந்திரங்களுக்கு மூடி செய்யும் ஒரு பட்டறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். அனல் பட்டு இடப்புருவம் பாதிதான் இருந்தது. எந்தத் தகட்டை எடுத்தாலும் விளிம்பை ஒருமுறை நகத்தால் தடவிப் பார்ப்பார்.

அன்று ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, வெளியே தெரிய வேண்டிய பக்கம் உள்ளே போகும்படி இருபது தகடுகளையும் வளைத்துவிட்டார். "நாளைலேர்ந்து வராத" என்று சொல்லிவிட்டுப் போனார் மேற்பார்வையாளர். தொழிலாளி மூடிகளைப் பார்த்தபடியே நின்றார்.

"இன்னாத்துக்குண்ணா பேஜாராவுற?" என்றார் அந்தப் பெண். "நேரா இருந்தத நாமதான வளைச்சோம்? அது மறக்கல. சூடு காட்டுனா பழையபடி படுத்துக்கும்."

ஒரு மூடியை அடுப்புக்குள் வைத்தார். சிறிது நேரத்தில் அது யாரும் தொடாமலே மெல்ல விரிந்து தட்டையானது.

"எப்படி?" என்றேன்.

"தெரியல சார். அவசரப்பட்டு சூட்ட ஏத்துனா குமிழி வுட்டுரும், அது தெரியும்."

இருபதும் நேராகின. திரும்பி வந்த மேற்பார்வையாளர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள சரியா முடி. நாளைக்கு வழக்கம்போல வா" என்றார்.

அந்தப் பெண்ணே வளைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவரோ, சூடான முதல் தகட்டைத் தொழிலாளியிடம் நீட்டினார்.

"நான் புடிச்சிக்கினு நிக்கிறேன். நீயே வளைண்ணா."

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டிருக்கலாம். தொழிலாளி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று இருமுறை பார்த்துவிட்டு அச்சில் வைப்பதைக் கவனித்ததில் கேட்க மறந்துபோனேன்.