கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் சிப்பாய்களுக்குப் பயந்து வயதுப் பெண்களின் தலைமுடியை ஆண்பிள்ளை போலக் கத்தரித்து, வாசல் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட விடாமல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடமும் இல்லை. என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தமிழ் நாவல்கள் இருந்தன. அதனால் பதினேழு வயதிலேயே அந்த வரிசைக்கு நான் பெரிய புள்ளி. பின்சுவருக்கு மேலே தலைகள் முளைக்கும். "அழுகாச்சி வேணாம்க்கா", "பேய் வர்றது இருக்கா?" என்று கேட்பார்கள். முகத்தைப் பார்த்தே யாருக்கு எது ஒத்துவரும் என்று சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினான்கு வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் அப்பாவை, சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் அவள் அம்மா என்னிடம் வந்து நின்றார்.

"பாப்பா, நீ குடுக்கிற புஸ்தகத்தப் படிச்சிட்டு மத்த பிள்ளைங்கல்லாம் சிரிக்குதுங்க. இவளுக்கும் ஒண்ணு பாத்துக் குடு லா. வாயத் தொறந்தா போதும்."

பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினேன். நம் நாவல்காரர்களுக்கு என்ன கோபமோ, கதாநாயகி கஷ்டப்பட வேண்டுமென்றால் முதலில் அவள் அப்பாவைத்தான் கொல்கிறார்கள். ஒன்றே ஒன்றில்தான் ரங்கூனுக்குப் போன அப்பா கடைசி அத்தியாயத்தில் திரும்பி வருவார். அதைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை எங்கள் அப்பா புகையிலை சுருட்ட உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிகரெட்டே கிடைக்காத காலம். என் நாவல் தாளில்தான் அவர் புகையிலை சுருட்டுவார். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். ஆரம்பத்தைக் கிழித்தால் கதையே போய்விடும் என்று பின்னாலிருந்துதான் கிழிப்பார். அதனால் வழக்கமாக முடிவை நானே வாயால் சொல்லி அனுப்புவேன். இந்தத் தடவை அவசரத்தில் மறந்துவிட்டேன். ரங்கூன் அப்பா எப்போதோ புகையாகிப் போயிருந்தார்.

பின்பக்கமாக ஓடினேன். அவள் அடுப்படி வாசலில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் அம்மா மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த அப்பா வந்துடுவாரு. நான் படிச்சிருக்கேன். கப்பல்ல, பட்டுப் பாவாடையெல்லாம் வாங்கிக்கிட்டு..." என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அப்படி வரமாட்டாருக்கா," என்றாள்.

மாதக்கணக்கில் கேட்காத குரல். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"மெலிஞ்சு போய் வருவாரு. நம்ம வீடுதானான்னு வாசல்லயே நிப்பாரு. அவ ஒண்ணும் கேக்கமாட்டா. மொதல்ல தண்ணி குடுப்பா. அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருப்பா."

அத்தனை நாவல் படித்த என் கண்ணில் இப்படி ஓர் அத்தியாயம் பட்டதே இல்லை. இவளுக்குப் புத்தகம் பார்த்துக் கொடுக்க நான் யார் என்று பிரமித்துப்போய் நின்றேன். அவள் நிறுத்தவில்லை. அவர் செருப்பில்லாமல் வருவார், பேச வெட்கப்படுவார் என்று நேரில் பார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது.

"குளிக்க வெந்நி வெப்பாங்கன்னும் சொல்லுடி. அவருக்குப் பச்சத்தண்ணி ஆகாது."